ஏழாயிரம் ரூபாய் வாளுக்குள் எட்டு எம்.எம். ராடு

போன வருடம் ஆடி மாதம் வாங்கிய வாளைப் பற்றி இப்போதுதான் எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே எழுதியிருந்தால் ஐந்து நட்சத்திரமும் கொடுத்திருப்பேன். அந்த விற்பனைப் பக்கத்தில் அப்படிக் கொடுத்தவர்கள் நிறைய. அவர்கள் போட்ட படங்களையும் பார்த்தேன். பாதிப் பேர் வீட்டு ஹாலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள், மீதிப் பேர் கல்யாண போட்டோ ஷூட்டுக்கு இடுப்பில் செருகியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு அது நல்ல வாள்தான். நான் வாங்கியது வீசுவதற்கு.

கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறேன். போல்ட், பேரிங், பெல்ட், கல் அறுக்கும் பிளேடு என்று நாள் முழுக்க இரும்போடுதான் புழக்கம். வீட்டுக்கு வந்தாலும் இரும்புதான். பாட்டியின் அரிவாள்மனை, அவள் வெற்றிலைப் பெட்டியில் இருந்த பாக்குவெட்டி, பட்டாளத்தில் இருந்த மாமா கொண்டுவந்த குக்ரி, சந்தையில் பேரம் பேசி வாங்கிய சூரிக்கத்திகள் என்று மொத்தம் இருபத்து மூன்று உருப்படிகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. "கசாப்புக் கடைக்காரர் வீட்டில்கூட இத்தனை இருக்காது" என்பது என் மனைவியின் கணக்கு.

பன்னிரண்டு வயதில் காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஒரு ஆசானிடம் சிலம்பம் கற்றுக்கொண்டேன். கம்புக்கு அப்புறம் மான்கொம்பு, சுருள்வாள், வாள்வீச்சு என்று வரிசையாக வரும். வாள்வீச்சுக்கு வருவதற்குள் ஆசான் காலமாகிவிட்டார். அந்த மிச்சம் முப்பது வருடமாக மனசுக்குள் கிடந்தது. அதனால்தான் நாற்பதைத் தாண்டிய பிறகு, லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுமார் 700 வருடத்துப் பழைய வாள்பயிற்சிச் சுவடியின் படங்களை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கை வாளும் சின்னக் கேடயமும் பழக ஆரம்பித்தேன். ஐரோப்பாவில் இன்று கிடைக்கிற வாள்பயிற்சிச் சுவடிகளில் மிகப் பழையது அதுதான். அதில் ஒரு பாதிரியாரும் அவர் மாணவனும் மாறி மாறி வாள் போடுகிறார்கள். கடைசிப் பக்கங்களில் வல்புர்கிஸ் என்ற ஒரு பெண் வருகிறாள், அவளும் சளைக்கவில்லை. மொத்தம் ஏழு நிலைகள். முதல் நிலையே வேடிக்கையானது. வாளை இடது அக்குளுக்குக் கீழே செருகினாற்போல் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் குடையை இடுக்கிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். அங்கிருந்து கிளம்புகிற வெட்டு எவ்வளவு வேகம் என்பது எதிரே நிற்பவனுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை, நண்பரின் மாந்தோப்பில் மூன்று பேர் சேர்ந்து பழகுகிறோம். ஒருவர் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் தம்பி. இன்னொருவர் வங்கி ஊழியர். கேடயத்துக்கு முதலில் குண்டான் மூடியைத்தான் பயன்படுத்தினோம். யார் வீட்டுக் குண்டான் என்பதை இங்கே சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது. மரவாளில் ஒரு வருடம் ஓட்டிய பிறகுதான், இனி இரும்பு என்று முடிவு செய்து வாங்கினோம்.

இனி வாளுக்கு வருகிறேன். இணையத்தில் வாங்கியது, விலை 6,850 ரூபாய். கடை பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வாளை இதே படத்தோடு நாலு பெயரில் நாலு பேர் விற்கிறார்கள், ஒருவரைச் சொல்லி மற்றவருக்கு வழிவிட வேண்டாம். விளம்பரத்தில் இருந்தது இது: அலகு 32 அங்குலம், எடை 1,100 கிராம், இ.என்.45 உருக்கு, மழுங்கிய விளிம்பு, "சண்டைப் பயிற்சிக்கு உகந்தது", "முழு வால்". வால் என்றால் அலகிலிருந்து கைப்பிடிக்குள் போகிற பகுதி. முழு வால் என்றால் அந்தப் பகுதியும் அலகும் ஒரே இரும்பாக, பிடியின் மறுமுனைக் குமிழ் வரை போக வேண்டும். வாள் வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நானும் கேட்டேன். "யெஸ் சார், ஃபுல் டேங்" என்று பதிலும் வந்தது. படம் கேட்கவில்லை. அங்கேதான் கோட்டை விட்டேன்.

கொரியர் பையன் நீளமான அட்டைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, "கர்ட்டன் ராடா சார்?" என்றான். ஆமாம் என்றேன். பாதி உண்மை என்பது பிறகு தெரிந்தது.

பார்க்க அழகு. அலகின் நடுவில் நேர்த்தியாக ஓடை எடுத்திருந்தார்கள். சிலர் இதை ரத்தம் வடிவதற்கான பள்ளம் என்பார்கள், அதெல்லாம் கதை. எடையைக் குறைப்பதற்குத்தான் ஓடை. மறுநாள் கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். 1,460 கிராம். ஒற்றைக் கை வாளுக்கு இது அதிகம், அந்தக் காலத்து அசல் வாள்களே பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டித்தான் இருந்தன. வெர்னியரை எடுத்து அலகின் கனம் பார்த்தேன். பிடிக்குப் பக்கத்தில் 5 எம்.எம்., முனைக்கு ஒரு சாண் முன்னால் அளந்தாலும் கிட்டத்தட்ட அதே 5. நல்ல வாளில் கனம் பிடியிலிருந்து முனைக்குப் போகப் போக மெலிய வேண்டும். மெலியவில்லை என்றால் பாரமெல்லாம் முன்னால் போய்விடும். ஒரு விரல் மேல் வைத்துச் சமன் பார்த்தால், பிடிக்கும் அலகுக்கும் நடுவில் இருக்கிற குறுக்குக் காப்பிலிருந்து 7 அங்குலம் தள்ளி நின்றது. மூன்று நாலு அங்குலத்தில் நின்றால் வாள் கையோடு வரும். ஏழில் நின்றால் கைதான் வாளோடு போகும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கழன்றுவிட்டது மாதிரி இருந்தது.

எடை, கனம் இவையெல்லாம் குறைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளலாம். உழைத்தால் மணிக்கட்டு பழகிவிடும். பொறுக்க முடியாதது அடுத்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வீசும்போது பிடிக்குள்ளிருந்து மெல்லிய கிலுக் சத்தம் வந்தது. குமிழைக் கையால் திருகினேன், முக்கால் சுற்று இறங்கியது. ஓ, மரை போட்ட குமிழா என்று அப்போதே உள்ளுக்குள் ஒரு சந்தேகம். அடுத்த வாரமும் கிலுக். மறுபடி இறுக்கினேன். நாலாவது ஞாயிறு, வங்கிக்காரர் மேலிருந்து வெட்ட, நான் குறுக்கே தடுத்தேன். பெரிய அடி ஒன்றும் இல்லை. டக் என்று ஒரு சத்தம், என் கையில் பிடி மட்டும் இருந்தது. அலகு இருபதடி தள்ளிப் போய், சொட்டுநீருக்கு உரம் கரைத்து வைத்திருந்த நீல ட்ரம்மில் முட்டி, பக்கவாட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு விழுந்தது. மூன்று பேரும் ஒரு நிமிடம் பேசவில்லை. ட்ரம்மிலிருந்து தண்ணீர் ஒழுகுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ட்ரம்முக்கு 900 ரூபாய் கட்டினேன். அந்தப் பக்கம் ஆள் யாரும் உட்காரக் கூடாது என்று தம்பி ஆரம்பத்திலேயே சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். ட்ரம் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

உடைந்த இடத்தைப் பார்த்தேன். அலகு காப்பைத் தாண்டி ஒரே ஒரு அங்குலம்தான் உள்ளே போயிருந்தது. அதன் நுனியில் எட்டு எம்.எம். த்ரெட் ராடு ஒன்றை வெல்டு வைத்து, அதை மரப்பிடிக்குள் விட்டு, கடைசியில் குமிழை மரையில் முறுக்கியிருந்தார்கள். எங்கள் ஸ்டோரில் மீட்டர் கணக்கில் கொடுக்கிற அதே ராடு. வெல்டு வைத்த இடத்தில் உள்ளே கறுப்பாகப் பழைய விரிசல் ஒன்று தெரிந்தது, பாதி வெள்ளையாகப் புதிய உடைப்பு. அதாவது பல நாளாகவே பாதி உயிரில்தான் அது நின்றுகொண்டிருந்தது.

கடைக்கு எழுதினேன். திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு என்றார்கள். "சண்டைப் பயிற்சிக்கு" என்று போட்டிருந்ததே என்று கேட்டால், பில்லைப் பாருங்கள் என்றார்கள். பில்லில் "அலங்காரப் பொருள்" என்று இருந்தது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கழிவுக் கடைக்குப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சிலம்பத் தம்பிதான், "ணா, இரும்பு நல்லா இருந்தா பட்டறையில காட்டிப் பார்க்கலாமே" என்றார். ராயக்கோட்டை சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கொட்டகை, வாசலில் புளியமரம், பெயர்ப்பலகை கிடையாது. கொடுவாள், கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் அங்கேதான் சுற்றுவட்டாரத்தில் தட்டுகிறார்கள். துருத்தி போய் மின்சார ஊதி வந்துவிட்டது, மற்றதெல்லாம் பழையபடிதான். அந்த அண்ணன் குறடால் பழுத்த இரும்பைப் பிடித்துச் சின்னச் சுத்தியால் ஒரு தட்டு தட்டி இடம் காட்ட, அவர் மனைவி அதே இடத்தில் சம்மட்டியை இறக்குகிறார். ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. அந்தச் சின்னச் சுத்தி பட்டறைக்கல்லை வெறுமனே ஒருமுறை தொட்டால் அக்கா சம்மட்டியை நிறுத்திவிடுகிறார். எங்கள் மூன்று பேருக்குள் இந்த ஒத்திசைவு வர இன்னும் எத்தனை ஞாயிறு வேண்டுமோ.

அண்ணன் முதலில் ராடைத்தான் பார்த்தார். "இதை எந்தப் புண்ணியவான் வெச்சான்? மோட்டார் ஷெட்டு தகரம் மாட்டுற ராடு தம்பி இது." அப்புறம் அலகை எடுத்து, ஓரத்தில் அரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். அரம் லேசாகத்தான் பிடித்தது. முனையைக் கல்லில் ஊன்றி வில் மாதிரி வளைத்து விட்டார், நேராக நின்றது. சாணைக்கல்லில் லேசாக ஒற்றிப் பொறி பார்த்தார். "கமான் பட்டை. நல்ல உக்கு. தோய்ச்சலும் சரியா இருக்கு." பழுக்கக் காய்ச்சித் தோய்த்து இரும்பைக் கெட்டியாக்குவதைத்தான் தோய்ச்சல் என்கிறார். விளம்பரத்தில் சொன்ன இ.என்.45 பொய்யில்லை. லாரிக் கமானுக்குப் போடுகிற உருக்கு வகைதான் அது. இந்த நெடுஞ்சாலை ஊரில் பட்டறைக்காரர் கண்ணுக்கு அது தப்புமா. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, அதனால் உக்கு என்றார். நம் ஊர் உருக்கை வெள்ளைக்காரன் வூட்ஸ் என்று எழுதியது இந்த உக்கைத்தான் என்பார்கள். அந்த உருக்கைக் காய்ச்சிய பழைய சேலம் மாவட்டத்துக்குள்தான் 1965 வரை தருமபுரியும் நாங்களும் இருந்தோம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவித்தார்களே, அதுவும் இதே கிருஷ்ணகிரி மாவட்டம். அண்ணனிடம் அதைச் சொன்னேன். "அப்பவே இருந்திருக்கும், அரிவாள் இல்லாம என்னத்த அறுத்திருப்பான்" என்றுவிட்டு வேலையைப் பார்த்தார்.

புது ராடு வெல்டு வைத்துக் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். உக்கில் வெல்டு வைத்தால் பக்கத்து இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், மறுபடியும் அங்கேயே போகும் என்றார். அவர் சொன்ன வழி எனக்குத் தோன்றவே தோன்றாதது. அலகிலேயே ஐந்து அங்குலத்தை வாலாக மாற்றிவிடுவது. வாள் குட்டையாகும், ஆனால் முனையிலிருந்து குமிழ் வரை ஒரே இரும்பு.

நான் அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ராடையும் வெல்டு பட்ட நுனியையும் அறுத்து எறிந்தார். அலகின் மீதிப் பகுதி முழுக்க ஈரச் சாக்கைச் சுற்றி, அடிப்பகுதியை மட்டும் உலையில் செருகினார். சாக்கிலிருந்து ஆவி கிளம்பும்போதெல்லாம் அக்கா ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். சூடு மேலே ஏறினால் தோய்ச்சல் போய்விடும், வாள் வெறும் தகரமாகிவிடும். அடிப்பகுதியின் அந்த ஐந்து அங்குலமும் செந்நிறத்துக்கு வந்ததும் வெளியே எடுத்து, மூலையில் இருந்த சாம்பல் குவியலுக்குள் அந்தப் பகுதியைப் புதைத்துவிட்டு, "நாளைக்கு வா தம்பி" என்றார். ராத்திரி முழுக்கச் சாம்பலுக்குள் மெதுவாக ஆறினால் அந்த இடம் மட்டும் மிருதுவாகும். மறுநாள் அதே அரம் அதே இரும்பை வெண்ணெய் மாதிரி சீவியது. இரண்டு பக்கமும் தோள் வெட்டி, அகலத்தைப் பாதியாக்கி, நுனியை ஒடுக்கினார். வாலும் அலகும் சேரும் மூலையை மட்டும் உருண்டை அரத்தால் வளைவாக எடுத்தார். நேர்க்கோணமாக விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்குமாம். இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, உடைந்த கொடுவாள்களைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. குமிழை லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி வந்தேன். புளியங்கட்டையில் புதுப் பிடி, அதைத் தாண்டி வெளியே நீண்ட வால் நுனியைப் பழுக்கக் காய்ச்சிக் குமிழின் மேல் காளான் தலை மாதிரி அடித்து மடக்கினார். மரையும் இல்லை, நட்டும் இல்லை. முனைப் பக்கம் கொஞ்சம் சாணை பிடித்து மெலியச் செய்யுங்கள் என்று கேட்டதற்கு மட்டும் முணுமுணுத்தார், ஆனால் செய்தார்.

கூலி 1,200. கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை. "ஒரு கொடுவாள் எடுத்துக்க" என்றார், 450க்கு எடுத்துக்கொண்டேன். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தேங்காய் மட்டை மூன்று வெட்டில் போகிறது.

இப்போது அலகு 27 அங்குலம், எடை 1,300 கிராமுக்குச் சற்றுமேல், சமன் நிற்கும் இடம் ஐந்து அங்குலம். இன்னும் முன்பாரம்தான், ஆனால் கை சொன்னால் கேட்கிறது. அக்குள் நிலையிலிருந்து கிளம்பினால் முன்பெல்லாம் வாள் இலக்கைத் தாண்டிப் போய்த்தான் நிற்கும். இப்போது நிறுத்த நினைத்த இடத்தில் நிற்கிறது. ஐரோப்பியச் சுவடிப்படி பார்த்தால் குட்டைதான், எதிராளியைவிட அரை அடி கூடுதலாக உள்ளே போக வேண்டியிருக்கிறது. வங்கிக்காரர் அந்த அரை அடியை ஒவ்வொரு வாரமும் எனக்கு ஞாபகப்படுத்துகிறார். ஆனால் கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் தருமபுரியிலும் இருக்கிற நடுகல் வீரர்களைப் போய்ப் பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் வாள். நான் பார்த்த கற்களில் அந்த வாள் ஆளின் கை நீளத்தைத் தாண்டுவதில்லை. தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் உயிரை விட்டவர்கள், மாட்டுக் கூட்டத்துக்கும் முட்புதருக்கும் நடுவில் நீளவாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது. மாமரக் கிளைக்குக் கீழே வீசுகிற எனக்கும் அதே நியாயம்தான். தோள் மேல் சுமந்து திரிகிற நீளம் எனக்கு வேண்டாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: அலங்காரத்துக்கு என்றால் தாராளமாக வாங்குங்கள், அந்த விலைக்கு இந்த மினுமினுப்பு வேறெங்கும் கிடைக்காது. வீசுவதற்கு என்றால், பிடியைக் கழற்றி உள்ளே இருப்பதைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லையா, அந்தக் காசில் இரண்டு நல்ல முகமூடியும் கையுறையும் வாங்கிக்கொண்டு மரவாளிலேயே இருங்கள். எவர்சில்வர் வாள் என்று வருபவை பக்கம் போகவே போகாதீர்கள், சமையலறைக் கத்திக்குச் சரியான அந்த இரும்பு இரண்டடி நீளத்தில் அடி வாங்கினால் ஒடியும். இன்னொன்று, 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. என்னுடையது மழுங்கியது, உருண்டை முனை. அப்படியிருந்தும் தோப்புக்குப் போகும்போது துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டித்தான் கொண்டுபோகிறேன். இடுப்பில் கட்டிக்கொண்டு டூவீலரில் போகிற ஆசை இருந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. வாரம் ஒருமுறை துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் போட்டால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாலே நாளில் பிசுக்கு ஏறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தோல் உறைக்குள்ளேயே வைத்துவிடாதீர்கள், ஈரம் உள்ளே தங்கித் துருப்பிடிக்கும்.

என் வாளில் துரு ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஆயுத பூஜையன்று ஸ்பேனர், கொடுவாள், மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றோடும் இதையும் வைத்தோம். அம்மா சந்தனத்தைக் குழைத்துப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டுவிட்டார். மறுநாள் எடுக்கக் கூடாது என்றார், அப்புறம் நானும் மறந்துவிட்டேன். நாலு நாள் கழித்துத் துடைத்துப் பார்த்தால், காப்பிலிருந்து இரண்டு விரல் மேலே, வட்டமாக ஒரு பழுப்பு நிறப் புள்ளி. உப்புத்தாளை எடுத்தேன். "சாமிக்கு வெச்ச பொட்டுடா அது" என்றார் அம்மா. எண்ணெய் மட்டும் போட்டு வைத்தேன்.